வெள்ளிப் பைக்குள் தொலைந்த சிக்னல்

பிள்ளையார்பாளையத்தில் போன் பழுதுபார்க்கிற சிம்ரன் ஒரு தடவை ஊதினால் போதும், பாலாற்று மணலில் மூன்று மழைக்காலம் புதைந்து கிடந்த போன்கூட எழுந்து உட்கார்ந்து "ஹலோ" சொல்லும். சரி, மூன்று மழைக்காலம் என்பது கொஞ்சம் அதிகம்தான். பாலாறும் வேண்டாம். இட்லி மாவுக்குள் விழுந்த போன் ஒன்றை அவள் பிழைக்க வைத்தது மட்டும் சத்தியம். மிச்சத்தை அவரவர் வசதிப்படி கழித்துக்கொள்ளலாம்.

வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய அப்பா, சினிமா மோகத்தில் வைத்த பெயர்தான் சிம்ரன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, பூக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே செருகிய பெட்டி மாதிரி ஒரு கடை வைத்தாள். அவள் உள்ளே போக வேண்டுமானால் நாற்காலி வெளியே வர வேண்டும். ஆனாலும் அந்த வட்டாரப் பெண்கள் போனை அவளிடம்தான் கொடுப்பார்கள். சிம்ரன் போட்டோக்களை நோண்ட மாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கிருந்தோ கண்ணுக்குத் தெரியாத ஒன்று கிளம்பி, சுவரைத் தாண்டி, இத்தனை ஜனத்துக்கு நடுவில் இந்த ஒரு போனைத் தேடிப்பிடித்து வருகிறதே என்று தினமும் ஒருமுறையாவது வாயைப் பிளப்பாள். படிப்பு அந்த மலைப்பைக் குறைக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை கலையரசி வந்தாள். நெசவாளி மணிவண்ணனின் மனைவி. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொண்டு, மாற்றுச் சிறுநீரகத்துக்காகச் சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பவள்.

"போன்ல சிக்னல் நிக்க மாட்டேங்குது சிம்ரன். என் கொழுந்தன் காலைலேர்ந்து போட்டுப் பாத்தாராம், தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே சொல்லிக்கினு இருக்குதாம். ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிடச்சொல்ல கெடைக்கலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்கம்மா."

சிம்ரன் போனை வாங்கிப் பார்த்தாள். சிக்னல் கோடுகள் நாலும் நிமிர்ந்து நின்றன. இருந்தாலும் ஏரோபிளேன் மோடில் போட்டு எடுத்தாள். சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். போனை அணைத்து எழுப்பினாள். தன் போனிலிருந்து கூப்பிட்டதும் கணீரென்று அடித்தது.

"நல்லாத்தான்க்கா இருக்குது."

மதியமே கலையரசி திரும்பி வந்தாள். "ஊட்டுக்குப் போனா பழைய கதைதான். எடுத்துப் பாக்கச்சொல்ல 'சேவை இல்லை'ன்னு காட்டுது. பாத்துக்கினே இருந்தா கோடு வந்துடுது. இன்னாம்மா, எங்கிட்ட விளையாடுதா?"

இந்த முறை சிம்ரன் தன் சிம்மைப் போட்டுச் சோதித்தாள். நெட்வொர்க் செட்டிங்ஸ் மொத்தத்தையும் அழித்துப் புதிதாக வைத்தாள். கடையில் மறுபடி கணீர். வேறு வழியில்லாமல் ஷட்டரை இறக்கிவிட்டு, கலையரசியை முன்னே போகச் சொல்லி, தன் போனைத் தூக்கிப் பிடித்தபடி அந்தத் தெருவையே அளந்தாள். எந்த வாசலிலும் கோடு குறையவில்லை. கலையரசி வீட்டுக் கூடத்திலும் குறையவில்லை. அங்கிருந்தே கலையரசியின் எண்ணுக்குக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

"உங்க போன் எங்கக்கா?"

"சாமிகிட்ட."

தறியை நிறுத்திவிட்டு வந்த மணிவண்ணன், சாமி அலமாரியைப் பெருமையோடு திறந்து காட்டினார். வரதர் படத்துக்குப் பக்கத்தில் தகதகவென்று ஒரு பை. முகூர்த்தச் சேலை ஒன்றில் பழுது விழுந்து ஒதுக்கிய முந்தானை. இடைவெளியே தெரியாமல் அசல் வெள்ளி ஜரிகை ஓடிய துண்டு. அதை இரட்டையாக மடித்து அவரே தைத்திருக்கிறார். மேலே சந்தனமும் குங்குமமும். மனைவிக்கு உயிர் கொண்டுவரப் போகிற போனை வெறும் ரெக்ஸின் உறையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. வெளியே போகும்போது கலையரசி போனை மட்டும் எடுத்துக்கொள்வாள். பை அழுக்காகிவிடக் கூடாதே.

சிம்ரன் போனைப் பையிலிருந்து உருவினாள். 'சேவை இல்லை.' பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு கோடு முளைத்தது. இரண்டு. நாலு. உள்ளே நுழைத்துக் கொஞ்சம் பொறுத்துக் கூப்பிட்டாள்; எல்லைக்கு வெளியே. செங்கல் சுவரையெல்லாம் துளைத்துக்கொண்டு வருகிற ஒன்று, தலைமயிரைவிட மெல்லிய வெள்ளி இழைக்கு முன்னால் வழி தெரியாமல் நின்றுவிட்டதே!

"லிஃப்ட்டுக்குள்ள போனா பேச்சு அறுந்துபோகுதில்ல அண்ணா? சுத்தியும் உலோகம். நீங்க தறியிலயே ஒரு லிஃப்ட்டு நெய்ஞ்சு வெச்சிருக்கீங்க!"

மணிவண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நானா மறிச்சுக்கினு இருந்தேன்?"

"என் காதுக்கு ஒரு கம்மல் வாங்கித் தராத மனுஷன், போனுக்கு வெள்ளிக் கவசம் சாத்தினாரு பாரு," என்றாள் கலையரசி. சொல்லிவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் சிம்ரன் கையிலிருந்த போன் அடித்தது. சென்னை எண். மூவரும் அதை ஏதோ கர்ப்பக்கிருகத்துக்குள்ளிருந்து குரல் வந்த மாதிரி பார்த்தார்கள். கலையரசி இரண்டு கையாலும் வாங்கினாள்.

"ஆமாங்க, கலையரசிதான்... காலைலேர்ந்தா? மன்னிச்சுக்கோங்க சார்... இனிமே எடுப்பேன், எந்நேரமும் எடுப்பேன்... நாளைக்கே வந்துடறேன்." கண்ணீர் தாடையில் வழிந்தது. மணிவண்ணன் எழுந்து சாமி அலமாரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

சிம்ரனுக்குப் பொறுக்குமா? வாசலுக்குப் பாய்ந்தாள். எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள், தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினாள்: "அக்காவுக்குக் கிட்னி கெடச்சிடுச்சு! நான் போனை வெளிய எடுத்தேன், எடுத்த கையோட கிட்னி வந்துடுச்சு!"

தெருவே கூடிவிட்டது. யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். போனைக் கையில் பிடித்தபடி கலையரசி நிலைப்படிக்கு வந்தாள்.

"ஏய், சும்மா இரு சிம்ரன். கிட்னி எங்க வந்துச்சு? நாளைக்கு டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்க வரச் சொல்றாங்க, அவ்ளோதான். இன்னிக்கும் லைன் கெடைக்கலைன்னா லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துட்டிருப்பாங்களாம். இப்ப எடுக்கலை."