கால் தகடும் மூன்று இடப்பக்கத் திருப்பங்களும்

என் வீட்டுக்காரர் பைக் ஓட்டினால் திருப்பத்தில் சாய்ப்பார். அறுபத்தெட்டு வயதாகிறது, இன்னும் சாய்ப்பார். வேகம் ஒன்றும் பெரிதாக இருக்காது. ஏற்றத்தில் சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போவதுண்டு. ஆனாலும் திருப்பம் வந்துவிட்டால் வண்டியோடு சேர்ந்து ஒரு பக்கமாகப் படுத்து எழுந்திருப்பார். சாய்க்காமல் திருப்புங்கள் என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "சாயாமத் திருப்புனா அது மாட்டு வண்டி" என்று சொல்லிவிட்டார்.

பின்னால் உட்காருகிறவள் நான். இரண்டு காலையும் இடப்பக்கமாகத் தொங்கவிட்டு, சேலையை ஒடுக்கிக்கொண்டு உட்காருவேன். பெண்பிள்ளைகள் கால் வைத்துக்கொள்ளட்டும் என்று அந்தப் பக்கம் ஒரு தகடு வைத்தே வண்டியை விற்கிறார்கள். அந்தத் தகடு சராசரி உயரத்துக்கு வைத்தது. நான் சராசரி இல்லை. எந்த வீட்டு வாசலிலும் குனிந்து நுழைகிறவள். அவர் என் காது வரைக்கும்தான் இருப்பார். அந்தத் தகட்டில் கால் வைத்தால் முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிடும். வண்டியில் போகிற மாதிரி இருக்காது, அடுப்புக்கு முன்னால் குத்தவைத்திருக்கிற மாதிரி இருக்கும்.

சனிக்கிழமை தோறும் திண்டுக்கல்லில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவோம். எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் சாலையில் இருக்கிறது. பஸ் இருக்கிறது, ஏறலாம். ஆனால் பஸ் ஏறி இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் எனக்கு வாந்தி வந்துவிடும். எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், ஜன்னலோரம் எல்லாம் பார்த்தாயிற்று. அதனால் அந்த வண்டியின் பின் சீட்டு போனால் எனக்கு அக்காவும் போன மாதிரிதான். அவள் முகத்தைப் பார்த்துப் பேசாத வாரம் எனக்கு வாரமாகவே தெரியாது.

"ரெண்டு பக்கமும் காலப் போட்டு ஒக்காரேன்டி, இப்பக் கெழவிக எல்லாம் அப்பிடித்தேன் போறாளுக" என்று அக்கா சொன்னாள். எனக்குக் கூச்சம்.

ஒவ்வொரு வாரமும் அவள் வீட்டு வாசலில் இறங்கி நிமிர்வதற்குள் காபி ஆறிப் போகும். அதைப் பார்த்துப் பார்த்து, என் வீட்டுக்காரர் ஒரு நாள் வண்டியை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனார். தகட்டை நாலு விரல் கீழே இறக்கச் சொன்னார். "யானை ஏறி நின்னாலும் ஆடக் கூடாது" என்று வேறு சொல்லியிருக்கிறார். யானை என்று யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

தகடு இறங்கிய அன்று நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி சுகமாக இருந்தது. ஊரிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் இடம் வரைக்கும்தான் அந்தச் சுகம். அது இடப்பக்கத் திருப்பம். அவர் வழக்கம்போலச் சாய்த்தார். என் காலுக்கடியில் பூனையை மிதித்தது போல ஒரு சத்தம், கூடவே நெருப்புப் பொறி. டவுன் எல்லையில் டீக்கடைத் திருப்பம். அங்கேயும் அதே. கிளாசும் கையுமாக நின்றவர்களில் ஒருவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கார்த்திகைக்கு இன்னும் நாளு கெடக்குல்லப்பா. அதுக்குள்ளயேவா மத்தாப்பு?"

அக்கா தெரு முனையில் மூன்றாவது தடவை. ஊரிலிருந்து அவள் வீட்டுக்கு மொத்தமே மூன்று இடப்பக்கத் திருப்பம்தான். மூன்றிலும் கோடு போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

தகட்டை இறக்கியதுதான் தப்பு என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒன் எடைதேன். நீ போன வருசத்துக்கு இப்பப் பெருத்துட்ட." சொன்னதோடு விடவில்லை. ஊர் முக்கில் முருங்கைக்காய் எடை போடுகிற கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், கட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு என்னைத் தராசில் ஏற்றினார். எடை போடுகிறவருக்கு எதையும் சத்தமாகச் சொல்லித்தான் பழக்கம்.

"ஆத்தா அறுபத்தொம்பது."

தெருவில் போனவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினேன். அதோடு விட்டிருக்கலாம். எடை போடுகிறவர், "மாமா, நீங்களும் ஏறுங்க, சும்மா பாப்போம்" என்றார். ஏறினார்.

"மாமா எழுவத்தி நாலு."

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "என் எடை வண்டிக்கு நடுவுல இருக்கு. ஒன் எடை ஓரத்துல இருக்கு. அது தராசுக்குத் தெரியுமா?"

யோசித்துப் பார்த்தால் அது சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஓரத்து எடைக்கு எதிர் எடை வேண்டும் என்று, அடுத்த சனிக்கிழமை பெரிய பூசணிக்காய் ஒன்றைப் பையில் போட்டு வலப்பக்கம் கட்டித் தொங்கவிட்டார். அக்காவுக்குக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று என்றார். வண்டி நிமிர்ந்தது. ஆனால் பாரம் கூடியதால் மொத்தமாகத் தாழ்ந்தும் போனது. முன்பெல்லாம் சாய்த்தால்தான் உரசும், இப்போது சாய்க்க நினைத்தாலே உரசியது. வலப்பக்கம் சைலென்சர் இருப்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். பை தீய்ந்து, காயின் ஒரு பக்கம் கறுத்து மெத்தென்று ஆகிவிட்டது. அக்கா அதை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, வெஞ்சனத்தப் பாதி வேக வச்சே கொண்டாந்துட்டீகளா? தாளிச்சுக் கொட்டுனாப் போதும்போலயே."

அக்கா சிரித்தாள், நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. திரும்பி வந்ததும் தீர்ப்பு சொன்னார்.

"டீக்கடக்காரன் என்னயப் பாத்தாலே குனிஞ்சு சிரிக்கிறான். வர்ற சனிக்கெழம ஒண்ணுதேன். மூணு திருப்பத்துல எங்கயாச்சும் சத்தம் வந்துச்சு, தகட்டக் கழட்டி எறிஞ்சிருவேன். பெறகு நீ பஸ்ஸுல போயிக்க. அம்புட்டுதேன்."

பழைய உயரத்துக்கே ஏற்றிவிடலாம் என்றால் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. தகடே இல்லாமல் காலைத் தொங்கவிட்டுப் போனால் சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவில் என்ன ஆகும் என்று நினைக்கவே பயம். பஸ் என்றால் வாந்தி. இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் நானே நடந்து வெல்டிங் பட்டறைக்குப் போனேன். கடையில் ஆள் இருந்ததால், பழைய டயர் அடுக்குக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "என்ன ஆத்தா, டயரு வேணுமா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்டது.

அங்கே நின்ற ஒரு வண்டியில், ஓட்டுகிறவர் கால் வைக்கும் கட்டையை அவர் ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். அது மேல்நோக்கி மடங்கியது, விட்டதும் பழைய இடத்துக்கு வந்தது.

"பாத்தீங்களா? வண்டி செய்றவன் இத மடங்குறாப்ல வச்சிருக்கான். சாயுறப்பத் தரையில பட்டுச்சுன்னா அது மடங்கிக்கிரும், வண்டியத் தூக்கி அடிக்காது. ஐயா ஆடக் கூடாதுன்னாரு. நானும் ஆடாம வச்சுட்டேன்."

"எனக்கும் மடங்குற மாதிரி வைக்கலாமா?"

"பெட்டிக்கு மாட்டுற கீலு ரெண்டு வச்சா மடங்கும். ஆனா அதுக்கு மேல ஒங்க காலு இருக்குமே. தரையில பட்டா காலோட சேத்துத் தூக்கிவிட்டுரும். சத்தமும் வரும்."

"படுறதுக்கு முன்னாடியே நானே தூக்கிட்டா?"

அவர் கீலைத் தேட உள்ளே போனார்.

மறுநாள் வண்டியைக் கொண்டுபோய்க் கீல் வைத்தாயிற்று. தகட்டின் வெளி ஓரத்தில் ஒரு ஓட்டை. அதில் முருங்கைக்காய்க் கட்டுக் கயிற்றைக் கட்டி மறு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இது என்ன, கெணத்து வாளியா?" என்றார். கிண்டல் செய்தாலும் பழகிப் பார்க்கக் கதிரடிக்கும் களத்துக்கு வண்டியை ஓட்டி வந்தார். முதல் சுற்றில் நான் தூக்குவதற்குள் அவர் சாய்த்துவிட்டார். தகடு தரையில் பட்டு என் இரண்டு காலையும் அள்ளி மேலே வீசியது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன.

அவர் வாயால் சொல்லி நான் தூக்கினால் சரிவராது என்று அப்போது தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் அவர் சொல்வது எனக்குக் கேட்பதில்லை. அதனால் முறையை மாற்றினோம். திருப்பம் வந்ததும் நான் காலைத் தூக்க வேண்டும், கயிற்றை இழுக்க வேண்டும், தேங்காயைத் தட்டுவது போல அவர் ஹெல்மெட்டில் ஒரு தட்டு. தட்டு விழுந்த பிறகுதான் அவர் சாய்க்கலாம். தட்டு விழாவிட்டால் நேராகப் போக வேண்டும். கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் அவரைத் தட்டியது அன்றுதான். ஏழெட்டுச் சுற்று சுற்றினோம். இரண்டு தடவை தேவைக்கு மேலும் தட்டினேன்.

சனிக்கிழமை கிளம்பினோம். பெரிய சாலைக்கு ஏறும் திருப்பத்தில் தூக்கினேன், இழுத்தேன், தட்டினேன். சத்தமில்லை. டீக்கடைத் திருப்பம் வந்தது. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரக் கூச்சப்பட்டவள், இரண்டு காலையும் நடுரோட்டில் நீட்டிக்கொண்டு, கையில் கயிற்றோடு, புருஷன் மண்டையில் தட்டிக்கொண்டு போனேன். நான் கடையைப் பார்க்கவில்லை. ஆனால் என் முகம் அந்தப் பக்கம்தான் இருந்தது, பார்க்காமல் எப்படி இருக்க? யாரும் சிரிக்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை மேலே தூக்கியபடி அப்படியே நின்றார். தகடு உரசவில்லை.

மூன்றாவது அக்கா தெரு. அவள் எங்களை எதிர்பார்த்து முனையிலேயே நின்றாள். அவளைப் பார்த்த சந்தோஷத்தில் காலைத் தூக்கினேன், கயிறு கையிலிருந்து நழுவிவிட்டது. தகடு கீழே கிடக்கிறது, கால் மேலே இருக்கிறது, கயிறு எங்கேயோ காற்றில் ஆடுகிறது. தட்டலாமா என்று கை போனது. தட்டினால் சாய்ப்பார், சாய்த்தால் உரசும், உரசினால் பஸ். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

தட்டு விழவில்லை. அவர் நேராகப் போனார்.

"ஏடி, எங்கடி போறீக?" என்று அக்கா கேட்டாள்.

"வந்துக்கிட்டே இருக்கோம்க்கா" என்றேன். அதற்குள் அவளைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டோம்.

எதிரே வண்டி வராத இடம் வந்ததும் அவர் வலப்பக்கமாக வளைத்துத் திருப்பினார், வந்த வழியே வந்தார், மறுபடி வலப்பக்கமாக அக்கா தெருவுக்குள் நுழைந்தார். வலப்பக்கம் எவ்வளவு சாய்த்தாலும் என் தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆசை தீரச் சாய்த்தார்.

நான் இறங்கி ஒரே மூச்சில் நிமிர்ந்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தகட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். புதுக் கீறல் ஒன்றுமில்லை.

"தம்பி, தெருவ மறந்துட்டீகளா?" என்று அக்கா கேட்டாள்.

"மறக்கலங்க. தட்டு விழல, அதான்" என்றார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய்ச் சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பாமலே அவர் சொன்னார்: "அடுத்த வாரம் செத்த வெள்ளனக் கெளம்பணும் புள்ள. சுத்திட்டு வரணும்ல."