ஒரே தகட்டில் மூன்று சின்னம்மா

கறுப்புத் திரைக்கு முன்னால் சின்னம்மா மூன்று முறை வந்து நின்ற அந்த மத்தியானத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஐம்பதுகளில் கன்டோன்மென்ட்டில் ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்தேன். நெகட்டிவில் தழும்பும் சுருக்கமும் தெரியாமல் பென்சிலாலும் கத்தியாலும் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. கடை மாஸ்டருக்கு ஒரு கிறுக்கு. ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியை மட்டும் விட்டு லென்ஸை அட்டையால் மறைத்து, ஒரே கண்ணாடித் தகட்டில் ஒரே ஆளை மூன்று விதமாக எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு உட்கார எவரும் வரவில்லை. என் அம்மாவின் தங்கைதான் வந்தாள்.

கன்டோன்மென்ட்டை ஒட்டிய மர்பி டவுன்காரி. இளம் வயதிலேயே கணவனை இழந்து, பங்களா ஒன்றில் ஆயாவாக இருந்தவள். சங்கக் கூட்டம் என்றால் மேடையேறி வெளுத்து வாங்குவாள். முதலில் ஆயாவின் வெள்ளைப் புடவையில் நின்றாள். அடுத்து மேடையில் போலக் கையைத் தூக்கி நின்றாள். கடைசியில் சிவப்புப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம், பெரிய பொட்டு, வாய் கொள்ளாத சிரிப்பு. மாஸ்டரே தயங்கினார்.

"மூணு பேரும் நான்தானே மாஸ்டர். ஒருத்திய வுட்டுட்டா அவ கோச்சுக்குவா" என்றாள்.

படத்தைச் சட்டம் போட்டு வாசலுக்கு நேராக மாட்டினாள். அவளுடைய அண்ணன், என் மாமா, அதன்பின் அவள் இருந்தவரை அந்த வீட்டுப் படியேறவில்லை.

சில வருடங்களில் காய்ச்சல் கண்டு ஒரே வாரத்தில் போய்விட்டாள். உடலை எடுக்கும் முன்பே மாமா அந்தப் படத்தைக் கழற்றிக் கிழித்துப் போட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டுமே. அவளுக்கு வேறு படம் கிடையாது. நேரே கடைக்கு வந்தார்.

"வெள்ளப் பொடவ மட்டும் இருக்கட்டும். மத்த ரெண்டையும் சொரண்டிடு. நாளைக்கு எவனும் வேற காப்பி போடக்கூடாது."

ஆயாவை மட்டும் அச்சுப் போட்டுத் தருகிறேன், தகடு அப்படியே இருக்கட்டும் என்று கெஞ்சினேன்.

"தாலியறுத்தவ பூ வச்சிக்கினு பல்லக் காட்டுறா. அத நாலு பேரு பாக்கணுமா?"

"வீட்டுக்காரங்க இஷ்டம்பா" என்று மாஸ்டர் நழுவினார். அத்தனை புதுமை பேசிய மனிதர். ஊரான் பிள்ளையைத் தூக்கிச் சுமந்தது இவர்களுக்கு மானம், அவள் சிரித்தது மானக்கேடு.

கத்தி என் கையில்தான் இருந்தது. தகட்டை ஒளித்து வைத்திருக்கலாம். முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம். சுரண்டினேன். பூவும் பொட்டும் தூக்கிய கையும் பொடியாக உதிர்ந்தன. அச்சில் அந்த இடங்கள் கறுப்புத் திரையோடு கலந்துபோயின. இவ்வளவு சுத்தமான டச்சிங்கைப் பார்த்ததில்லை என்று மாஸ்டர் பாராட்டினார். அந்தப் பாராட்டு இன்னும் என் நெஞ்சில் எரிகிறது.

மாமாவும் போய்ப் பல வருடமாயிற்று. போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாலை போட்ட அந்தப் படத்தைக் காட்டி அவருடைய பேத்தி கேட்டாள்: "இவங்க எப்பவுமே இப்படி உம்முன்னுதான் இருப்பாங்களா தாத்தா?"

இல்லை, வீடே அதிரச் சிரிப்பாள் என்றேன். அப்படி ஒரு படம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது, நான்தான் சுரண்டினேன் என்றேன்.