இரும்பு பார்க்கும் இயந்திரமும் நாலு நாய்க்குட்டிகளும்

டாக்டர் சொன்னது பொய். நாய்க்குட்டியின் நெஞ்சில் இருந்த நல்ல சதையைக் காட்டி வியாதி என்றார். அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். அவர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எழுபதுகளில் எண்ணூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ரயில் பெட்டிகளுக்குப் போகும் எஃகு வார்ப்புகளை அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தால் சோதிப்பேன். எண்ணெய் தடவி முனையை வைத்தால் ஒலி உள்ளே போய்த் திரும்பி வரும். பச்சைத் திரையில் கோடு எங்கே எகிறுகிறதோ அங்கே விரிசல். அந்த மாதிரி இயந்திரத்தால் கர்ப்பிணியின் வயிற்றுக்குள் பார்க்கலாம் என்று அப்போது எங்கள் பக்கம் யாரும் கேள்விப்பட்டதில்லை.

என் சோதனை அறை மூலையில், பழைய துணிக் குவியலில், ஒரு தெருநாய் ஐந்து குட்டி போட்டது. ஒன்று இரண்டாம் நாளே செத்தது. மேனேஜர் பங்களாவின் அல்சேஷனைப் பார்க்க வந்திருந்த கால்நடை டாக்டர் அந்தக் குட்டியை அறுத்துப் பார்த்தார். இதயத்துக்கு முன்னால் வெளுத்த சதை, புளியங்கொட்டை அளவு.

"கட்டி. தொத்து வியாதி. பங்களா நாயும் குட்டி போட்டிருக்கு, அதுங்களுக்கும் வந்துடும். சனிக்கிழமை வந்து தாய்க்கும் குட்டிங்களுக்கும் ஊசி போட்டுக் கதைய முடிச்சுடறேன்."

அன்று புதன்கிழமை. என் கூட்டாளி, ராயபுரத்துக்காரன், கிரேன் ஓட்டுகிறவன், ஒரு குட்டியைத் தூக்கிப் பார்த்தான். "இன்னா மாமு, பால் குடிச்சிகினு கொழுகொழுன்னு கீது. இதுக்கா வியாதி?"

எனக்குக் கோபம். ஓரடி எஃகுக்குள் பார்க்கிறவனுக்கு ஒரு குட்டிக்குள் பார்க்க முடியாதா? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, அளவு சரியா என்று பார்க்க முதலில் வயிற்றில் முனையை வைத்தேன். ஒன்றரை அங்குல வயிற்றை ஆறு அங்குலம் என்றது திரை.

"நாய்க்குட்டியா யானைக்குட்டியா நைனா?" என்றான் கூட்டாளி.

தப்பு என்னுடையது. இயந்திரம் எஃகுக்கு அளவு வைத்தது. சதைக்குள் ஒலி ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வேகத்தில்தான் போகும். மறுநாள் திருவொற்றியூரில் ஆட்டு ஈரல் வாங்கி, சரியாக ஓர் அங்குலத் தடிமனில் வெட்டி, அதை வைத்துத் திரையைத் திருத்தினேன். இன்னொரு தரம் சரிபார்க்கலாம் என்று திரும்பினால் ஈரல் இல்லை. தாய் நாய் வாயை நக்கிக்கொண்டிருந்தது.

"உன் அளவுக் கட்டையத் துன்னுட்ச்சுபா!" கூட்டாளி தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

பிறகு அவன் ஒவ்வொரு குட்டியாக மல்லாத்திப் பிடித்தான். மூன்றாவது அவன் சட்டையில் மூத்திரம் பெய்தது. "கஸ்மாலம்!" என்று திட்டிவிட்டு அதற்கே முத்தம் கொடுத்தான். நாலிலும் ஒரே காட்சி. முன்கால்களுக்கு நடுவே, கொஞ்சம் இடப்பக்கம், தோலைத் தாண்டியதும் கோடு அமைதியாக ஓடியது. அதுதான் அந்தச் சதை. அப்புறம் நுரையீரல் காற்றில் முட்டிச் சட்டென்று எகிறியது.

ஓர் அச்சில் வார்த்த எல்லாத் துண்டிலும் ஒரே இடத்தில் ஒரே கோடு வந்தால் அது பழுது அல்ல, அச்சின் வடிவம். எங்கள் வேலையில் முதல் வாரமே தெரிந்துகொள்கிற விஷயம். ஆனால் நாலுக்கும் தொத்திவிட்டது என்று டாக்டர் சொல்லிவிடுவார். எனக்கு வேறு அச்சு வேண்டும், வியாதி இல்லை என்று அவரே ஒத்துக்கொண்ட குட்டி.

சனிக்கிழமை டாக்டர் பையோடு வந்தார். வாசலை மறித்து நின்றேன்.

"பங்களா குட்டி ஒண்ணு கொண்டாங்க டாக்டர். அதுக்குள்ள இந்தச் சதை இல்லேன்னா நானே இதுங்களப் புடிச்சுக் குடுக்கறேன்."

"இரும்பு பாக்கறவன் எனக்கு வைத்தியம் சொல்றியா? தள்ளு."

நான் நகரவில்லை. சத்தம் கேட்டு வந்த மேனேஜருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. அவரே ஓர் அல்சேஷன் குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். எண்ணெய் தடவி முனையை வைத்தேன். வார்த்தை கொடுத்துவிட்டேன், இல்லையென்றால் நாலும் போச்சு.

அதே அமைதி. அதே எகிறல். பெரிய ஜாதி என்பதால் சதை கொஞ்சம் கூடுதல் தடிமன், அவ்வளவுதான்.

"அப்ப மொத ஊசி பங்களாவுக்குப் போடு சார்!" என்று கத்தினான் கூட்டாளி. கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். "ஊசியெல்லாம் வேணாம் டாக்டர்" என்றார். டாக்டர் பையை மூடிக்கொண்டு போனார்.

நாலும் வளர்ந்தன. ஒன்று ராயபுரத்தில் கூட்டாளி வீட்டுக்குப் போய், மாதா கோவில் மணி அடிக்கும்போதெல்லாம் கூடவே ஊளையிட்டது. மற்ற மூன்றும் ஃபேக்டரியிலேயே தின்று கொழுத்தன.

பல வருடம் கழித்து ஒரு புத்தகத்தில் பார்த்தேன். அந்தச் சதையின் பேர் தைமஸ். பிறந்த குட்டிக்குப் பெரிதாக இருக்கும், வளர வளரச் சுருங்கும். நோயை எதிர்க்கிற சுரப்பியாம். கால்நடைப் படிப்பில் முதல் பாடங்களிலேயே இது வந்துவிடும்.

போன மாதம் திருவொற்றியூரில் ஒரு விழா. டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தக் காலத்தில் ஃபேக்டரி ஃபேக்டரியாகப் போய் நாய்களின் தொத்து வியாதியை ஒழித்தேன் என்று பேசினார். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

டாக்டரே, அது வியாதி இல்லை என்று தெரிந்தே சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா? மற்ற ஃபேக்டரிகளில் வாசலை மறிக்க ஆள் இல்லாமல் எத்தனை குட்டிக்கு ஊசி போட்டீர்கள்? என் வீட்டுக்கு வந்து ரகசியமாகச் சொல்ல வேண்டாம். அதே மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.