பூஜை அறையில் ஒரு இடுக்கி

பழைய சாமான் எதுவானாலும் என்னிடம் காட்டினால் போதும். கையில் வாங்கியதுமே அது எந்த வேலைக்கானது என்று சொல்லிவிடுவேன். கால்நடைத் துறையில் முப்பது வருடம் ஊர் ஊராக அலைந்தவன் நான். பெரம்பலூர் பழைய இரும்புக்கடைக்காரர் புரியாத பொருள் ஏதாவது வந்தால் எனக்குத்தான் போன் போடுவார். கன்று பால் குடிக்காமலிருக்க அதன் மூக்கில் கட்டும் முள்பட்டையை ஒருவர் ராஜா வீட்டு நகை என்று வாங்கப் போனார். நான் தடுத்தேன். கடைக்காரருக்கு என்மேல் ஒரு வாரம் கோபம். அதற்காக உள்ளதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

போன தை மாதம் உடையார்பாளையம் பக்கம் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். மகள் தானாக விரும்பிய பையன். எங்களைச் சம்மதிக்க வைக்கவே அவளுக்கு இரண்டு வருடம் ஆனது. பையனின் அப்பா இன்னும் அரை மனதாகத்தான் இருந்தார். அன்று அவர் மனம் கோணினால் எல்லாம் போச்சு.

காபி முடிந்ததும் அவர் எங்களைப் பூஜை அறைக்கு அழைத்துப் போனார். சாமி படங்களுக்கு நடுவே, சந்தனம் குங்குமம் வைத்து, அரளிச் சரம் சுற்றிய ஓர் இரும்பு இடுக்கி. நீளமான இரண்டு கைப்பிடி, மழுங்கிய வாய்.

“எங்க முப்பாட்டனோட போர் ஆயுதமுங்க. எதிரி விரலை நசுக்குறது. எங்க வூட்ல புதுசா கல்யாணமான ஜோடி மொதல்ல இதைக் கும்பிட்டாத்தான் புள்ள பாக்கியம்,” என்றார்.

காளைக்குக் காயடிக்கும் இடுக்கி அது. தோல் அறுபடாமல் உள்ளே இருப்பது மட்டும் நசுங்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மழுங்கல். இதே மாதிரி ஒன்றால் எத்தனையோ காளைகளின் கதையை முடித்திருக்கிறேன்.

“சாருக்குப் பழைய சாமான்லாம் அத்துப்படின்னு பையன் சொன்னான். சொல்லுங்க, எந்த ராஜா காலத்துது இது?”

சுற்றிலும் அவருடைய பங்காளிகள். பதில் என் நாக்கு நுனியில் நின்றது. என் மனைவி என்னைப் பார்க்காமல் சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியலைங்க,” என்றேன். “இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை.”

“அதானே! எங்கயும் கிடைக்காதுங்க,” என்றார். அவர் முகமெல்லாம் சிரிப்பு. அங்கேயே நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டார். வேனில் எல்லோரும் பந்தல், சாப்பாடு என்று பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கும் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அவமானமாக இருந்தது.

வீட்டு வாசலிலேயே மகள் மறித்தாள். “அந்த இடுக்கியப் பத்திக் கேட்டாங்களாப்பா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க மாப்பிள்ளை போன வருஷமே எனக்கு அதோட போட்டோ அனுப்புனார். சின்ன வயசுல உங்க சைக்கிள்ல உட்கார்ந்து மாட்டு முகாமுக்கெல்லாம் வந்தவளுக்கு அது தெரியாதா? முன்னாடியே சொன்னா நேரா அதுக்கிட்டதான் போய் நிப்பீங்க, அதான் சொல்லலை. என்னப்பா சொன்னீங்க?”

“தெரியலைன்னு சொல்லிட்டேன்.”

“நீங்களா?” என்றாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.