மலையேறி வந்த கடல்நீர்

கிரேஸ் டீச்சர் இறந்த செய்தியை லாரிக்காரர் முத்தையாதான் கொண்டுவந்தார். தூத்துக்குடியில் உருளைக்கிழங்கை இறக்கிவிட்டு வந்தவர், கொடைக்கானலில் எங்கள் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தி, "டீச்சர் போயிட்டாங்கம்மா. நேத்து அடக்கம் பண்ணிட்டாங்க" என்றார். நோய் முற்றியதும் டீச்சர் கடற்கரையிலுள்ள தம்பி வீட்டுக்குப் போயிருந்தார்.

அவர் இயற்பியல் ஆசிரியை, நான் தமிழ். விடுதியில் அடுத்தடுத்த அறை. சோதனைக்காக அவர் வராந்தாவில் வார்த்து வைத்த கான்கிரீட் கட்டிகளில் கால் இடித்துக்கொள்ளாதவர்கள் எங்களில் குறைவு. கடற்கரையிலுள்ள அவர் ஊர்ப் பெண்கள் குடிநீரைத் தொலைவிலிருந்து சுமக்கிறார்கள். "ஒருத்தர் வீடு கட்டுனா தெருவே தவிச்சுக் கெடக்கும்" என்பார். குடிநீருக்குப் பதில் கடல்நீரிலேயே கான்கிரீட் கலக்க வழி தேடினார். ஆனால் கடல்நீரில் கலவை போட்டால் உள்ளிருக்கும் இரும்புக்கம்பி துருப்பிடித்துச் சுவரைப் பிளந்துவிடும். அதனால், ஏரிப் படகுகளுக்கு ஒட்டுப்போடும் கண்ணாடி இழையையும் பிசினையும் வாங்கி, துருப்பிடிக்காத கம்பி செய்தார்.

கடல்நீர் முத்தையாவின் லாரியில் கேன்களில் ஏறிவந்தது.

"மலைமேல மீன் வளக்கப் போறீங்களா டீச்சர்?"

"சுறா வளக்கேன். மொதக் கடி உங்களுக்குத்தான்."

முதலில் செய்த வழவழப்பான கம்பி, இழுத்ததும் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. அடுத்ததைப் பிசின் காயுமுன் மணலில் உருட்டினார். சங்கிலிக் கப்பியில் மாட்டி இழுத்தோம். கட்டி பிளந்ததே தவிர, கம்பி வழுக்கவில்லை. அன்று கேசரி கிளறினார். அதைச் சாப்பிட்டபடியே முத்தையா, "வளைவுல பாதித் தண்ணி சிந்திப்போச்சு. நீங்க சங்கடப்படுவீங்கன்னு அருவியில நெறச்சுக் கொண்டாந்தேன்" என்றார், உதவி செய்த பெருமையோடு.

டீச்சரின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் முத்தையாவின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். "அடுத்த தடவ கொறஞ்சா, கொறஞ்சதாவே கொண்டாங்க. எங்க ஊர்ல ஏதுங்க அருவி?"

எல்லாவற்றையும் உடைத்துப் போட்டு, மறுபடி தொடங்கினார். அசல் கடல்நீரிலும் கம்பி நின்றது. "ஒட்டிக்கிச்சுக்கா!" என்று நான் குதித்தேன். "இன்னும் விடலன்னு சொல்லு. உப்பு அவசரப்படாது" என்றார். ஊரில் வீடு கட்டச் சொல்லவில்லை. தம்பியின் கொல்லையில் குடம் வைக்க ஒரு மேடை மட்டும் போட்டுக் கொடுத்தார். "விழுந்தாலும் யார் தலையிலயும் விழாது."

ஏழாம் நாள் செபத்துக்குப் போயிருந்தேன். மேடையில் விரிசல் இல்லை. தலைச்சுமையை அதில் இறக்கிவைத்த தம்பி மனைவி கேட்டார்: "கூடவே இருந்தீங்களே, சொல்லுங்க. இதுலயே வீடு கட்டலாமா?"

அவர் சேலைத் தோள் நனைந்திருந்தது. ஆமாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவோ ஆசை. "தெரியலைங்க. இன்னும் கொஞ்ச காலம் பார்க்கணும்" என்றேன். டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: பிரியமானவர்கள் கேட்கும்போதும், தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. மீதமிருக்கும் கட்டிகளை என் அறைக்கு மாற்றிவிட்டேன். மழைக்காலம் கழிந்ததும் ஒன்றை உடைத்துப் பார்க்க வேண்டும்.