பதில் வரும்வரை நின்ற கணினி

ஆயர் குரோவில் உள்ள ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் சரக்குக் கணக்கைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. ஒருநாள் காலை முழுவதும் தட்டியதைச் சேமிக்கும்போது திரை உறைந்துவிட்டது. பயந்துபோய் சுவிட்சை அணைக்கப் போனேன்.

"அக்கா, அணைச்சா எல்லாம் போயிடும் லா!" கணினிகளைக் கவனிக்கும் சேகர் ஓடிவந்தார். "ஆபீஸ் சர்வர் படுத்துக்கிச்சு. உங்க கணக்கு அங்கதான் பதியுது. பதில் வர்ற வரைக்கும் விடாம நிக்கணும்னு, சர்வரை இதோட இணைக்கிறப்பவே, அதான் மவுண்ட் பண்ணும்போதே, 'ஹார்டு'ன்னு போட்டு வச்சிருக்கேன்."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"நம்மள விடப் பொறுமை அதுக்கு, அக்கா. போய்ச் சாப்பிடுங்க."

நான் போகவில்லை. திரை முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். சர்வர் எழுந்ததும், யாரும் தொடாமலே திரை நகர்ந்தது. ஒரு வரிகூடக் குறையவில்லை.

ஒருவர் உடனே பதில் சொல்லாவிட்டால் எழுந்து போய்விடும் கூச்சக்காரி நான். அன்றுமுதல் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.