பிளாஸ்திரியில் எழுதிய அனுமதி

பதினொரு வருஷமாக ஆஸ்பத்திரியின் சலவை வண்டியை ஓட்டுகிறவள் அவள். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. ஆசை மட்டும் பக்கத்துக் கொட்டகையில் நின்ற ஆம்புலன்ஸ் மேல். அதை ஓட்டத் தனி பேட்ஜ் வேண்டும். பேட்ஜுக்கு எழுத்துத் தேர்வு. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு எழுத எழுத நேரம் ஓடிவிடும். மூன்று தடவை தோற்றாள். விட்டாளா? மகள் விதிப்புத்தகத்தை வாசிக்க, இவள் தலையணை உறைகளை மடித்துக்கொண்டே மனப்பாடம் செய்தாள்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வேறு யாருமில்லை, அவள் அக்காள் புருஷன்.

"என்ன கொழுந்தியா, பரீட்சைப் பேப்பரையும் துவைச்சுப் போட்டுட்டியா?"

"உங்க பேட்ஜைக் குடுங்க மாமா, அதையும் துவைக்கிறேன். ரொம்ப அழுக்கா இருக்கு."

ஒரு நண்பகல், ஆம்புலன்ஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். நர்ஸும் இவளுமாகத் தூக்கி வண்டிக்குள் படுக்க வைத்தார்கள்.

"மாரடைப்பு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் பின்னாடி இவர் பக்கத்துலயே இருக்கணும். யாரு ஓட்டுறது?" என்றாள் நர்ஸ். இன்னொரு ஓட்டுநர் வெளியே போயிருந்தார், திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகும்.

சாவி காவலாளியின் கையில் இருந்தது. அவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "பேட்ஜ் இல்லாம ஓட்டினா என் வேலையும் போகும், உனக்கும் ஆயுசுக்கும் பேட்ஜ் கிடைக்காதும்மா."

அது அவளுக்குத் தெரியாததா? கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "விதி பதினாலு. பேட்ஜ்காரர் இல்லாம, உயிருக்கு ஆபத்துன்னா, வைத்தியம் பாக்கறவங்க எழுதிக் குடுத்தா லைசென்ஸ் இருக்கற யாரும் ஓட்டலாம். எழுதுங்க சிஸ்டர்."

"காகிதத்துக்கு எங்க போறது?"

"பிளாஸ்திரி இருக்கே."

ஒரு கையால் ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்தபடி நர்ஸ் நாலு விரல் நீளப் பிளாஸ்திரியில் கிறுக்கி, கையெழுத்துப் போட்டு, இவள் சட்டைக் கையில் ஒட்டினாள். காவலாளி அதைப் படித்துவிட்டுச் சாவியை நீட்டினார்.

சைரன் அலற வண்டி பறந்தது. முதல் சிவப்பு விளக்கில் முழுசாக நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்தறே? உசுரு போயிட்டிருக்கு!" பின்னாலிருந்து நர்ஸ் கத்தினாள்.

"நின்னு, ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் போகணும். அதே விதியோட அடுத்த வரி."

சொல்லி முடிக்கவில்லை, ஒரு மணல் லாரி சைரனைக் காதில் வாங்காமல் குறுக்கே பாய்ந்து போனது. நர்ஸ் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாமா முகமூடியை விலக்கி, "சரியாத்தான் ஓட்டுறா..." என்று முனகினார்.

உயிர் தங்கியது.

மூன்றாம் நாள் விசாரணை. அதிகாரி பிளாஸ்திரியை உரித்துக் கோப்பில் ஒட்டிக்கொண்டே கேட்டார். "மூணு தடவை பெயிலானவளுக்கு இந்த விதி எப்படித் தெரியும்?"

"பாஸானவங்க ஒரு தடவைதான் சார் படிச்சாங்க."

குற்றமில்லை என்று எழுதினார். பேட்ஜைச் சும்மா தர அவருக்கு அதிகாரமில்லை, அவளும் கேட்கவில்லை. நாலாவது தேர்வுக்கு மனுப் படிவம் வாங்கிக்கொண்டு நேரே மாமாவின் கட்டிலுக்குப் போனாள். அவர் தலையணைக்கு அடியிலிருந்து கைக்கடிகாரத்தை எடுத்தார்.

"நேரம் பாக்கறேன், எழுது கொழுந்தியா. விதி பதினாலு."

"அதை ஓட்டியே காட்டிட்டேன் மாமா. பதினஞ்சு சொல்லுங்க."